பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

(புதுச்சேரியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் நேற்று இரவு போன் செய்தார். "ஆன்லைன் கேம் பற்றிப் பேசவா தோழர் வாசிப்பு வட்டம் வைத்திருக்கிறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் உருப்படியாக ஏதாவது பேசுவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். என் அக்கா மகனிடமிருந்து தொடங்குகிறேன். இது ஏன் நம்முடைய விஷயம் என்பது அதிலிருந்தே புரியும் என்று நினைக்கிறேன்.

அவன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். அக்கா வேலை முடிந்து வந்த பிறகு, இரவு ஏழு மணிக்கு மேல் அது அவன் கைக்கு வரும். வகுப்பில் எல்லோரும் ஆடுகிறார்கள் என்று ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இறக்கிக்கொண்டான். முதல் நாள் வெற்றி, இரண்டாம் நாளும் வெற்றி. தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டு வாரம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது போன் மூலையில் கிடந்தது. "என்னடா, ஆடலையா?" என்றேன். "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்றான்.

அந்த வாக்கியம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கணக்கைப் பற்றி அவன் அதையே சொல்லியிருக்கிறான். இங்கிலீஷைப் பற்றி அவன் அம்மா சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் முதல் பருவக் கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தபோது நானும் எனக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டேன். அதனால் அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பத்து ஆட்டம் ஆடச் சொல்லிப் பார்த்தேன்.

அவன் முதலில் ஜெயித்த ஆட்டங்களில் எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் மனிதர்களே கிடையாது. கணினி இயக்கும் பொம்மை வீரர்கள். போட் என்கிறார்கள். நேராக நிற்பார்கள், குறி தவறிச் சுடுவார்கள், செத்து விழுவார்கள். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சில நாட்களில் பொம்மைகள் குறைந்து, மூன்று நான்கு வருடமாக ஆடிக்கொண்டிருப்பவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். இறங்கிய இரண்டாவது நிமிடம் சாவு. திரும்ப இறங்கினால் திரும்பச் சாவு. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு திரையில் ஏதாவது ஒன்றை வாங்கச் சொல்லி விளம்பரம். "உன்னைப் பொருந்தாத இடத்தில் இறக்கிவிட்டோம் தம்பி" என்று அந்த விளையாட்டு ஒரு முறையும் சொல்லவில்லை. ஆகவே அவன் தனக்குத் தெரிந்த முடிவுக்கு வந்தான்: எனக்கு வராது.

யாரோடு யாரை மோத விடுவது? அதற்கு விளையாட்டு உலகில் மேட்ச்மேக்கிங் என்று பெயர். புதிதாக வருகிறவரை எங்கே நிறுத்துவது, அவர் எப்படி மேலே வருவது என்பதும் அதில் அடக்கம். நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

இது நமக்குப் புதிய சிக்கல் இல்லை. எங்கள் பக்கம் கபடியோ கிட்டிப்புள்ளோ ஆடும் முன்னால் உத்தி பிரிப்பார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேர் தலைவர்களாக உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் தனக்குச் சமமான ஒருவனைத் தேடிப் பிடித்து ஜோடியாகச் சேர வேண்டும். ஜோடி தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வரும். தலைவன் முறைப்படி ஒரு பெயரைக் கேட்பான். கேட்ட பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப் பக்கம். பலசாலிகள் இருவர் ஒரே அணிக்குப் போக முடியாது, நோஞ்சான்கள் எல்லோரும் ஒரே அணியில் சேரவும் முடியாது. சமமானவர்களைக் கண்டுபிடி, பிறகு பிரி. எந்தச் சர்வரும் இல்லாமல் நம் பிள்ளைகள் செய்த மேட்ச்மேக்கிங் அது.

சின்னப் பையன்களுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒப்புக்குச் சப்பாணி. பெயர் அசிங்கமானதுதான், மாற்றுத்திறனாளிகளை இழிவு செய்கிற சொல். ஏற்பாட்டை மட்டும் பாருங்கள். அவன் ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு அடுத்த வருடம் அவனும் உத்திக்கு வருவான். புதியவருக்குக் காப்பு வேண்டும், அந்தக் காப்பு ஒரு நாள் முடியவும் வேண்டும் என்பது நம் தெருவுக்குத் தெரிந்திருந்தது.

எந்தத் தெருவுக்கு? அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. மாலையில் ஊர்ப் பையன்கள் அங்கே உத்தி பிரிப்பார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. என்னைப் போல ஓடக்கூடியவன் அவர்களில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் உத்தி என்றால் தோளில் கை போட வேண்டும். என் தோளில் கை போட ஒருவனும் வரவில்லை. "ஆளு சரியா இருக்குடா, நீ பந்து பொறுக்கிப் போடு" என்று ஒருவன் சொன்னான். அவர்களுடைய முறையில் தவறே இல்லை, மிகவும் நியாயமான முறை. அதற்குள் நுழைவதற்கான முதல் படியில் மட்டும் சாதி உட்கார்ந்திருந்தது.

பிறகு பதினைந்து பதினாறு வயதில் டவுனுக்கு வந்து ப்ரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடினேன். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். அந்த விளையாட்டில் ஒரு சுற்றில் செத்துவிட்டால் சுற்று முடியும் வரை மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். நான் முதலில் சாவேன். ஆக, என் இருபது ரூபாயில் பதினைந்து ரூபாய் பிணமாகக் கிடந்ததற்குக் கொடுத்த காசு. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவனுக்கு ஆடக் கிடைக்கும் நேரம் குறைவு. கற்றுக்கொள்ள வாய்ப்பே தராமல், கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்கிற அமைப்பு எப்படி இருக்கும் என்று அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இனி எண்களுக்கு வருவோம். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

இன்றைய ஆன்லைன் விளையாட்டுகள் ஆட்களைச் சேர்க்கிற முறைகளில் பலவற்றுக்கு மூலம் சதுரங்கம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பட் ஈலோ ஒரு கணக்கை உருவாக்கினார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலக அமைப்பான ஃபிடே 1970இலும் அதை ஏற்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். இருவரின் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் முடிவைக் கணிக்கும். வித்தியாசம் 200 என்றால் பலமானவர் நான்கில் மூன்று பங்கு புள்ளிகளை எடுப்பார். 400 என்றால் பதினொரு ஆட்டத்தில் சுமார் பத்துப் புள்ளிகள். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். வித்தியாசம் பூஜ்யம் என்றால் பாதிக்குப் பாதி. நியாயமான ஆட்டம் என்பதற்குக் கணக்கு தருகிற விளக்கம் அதுதான். பாதி ஜெயிக்க வேண்டும், பாதி தோற்க வேண்டும்.

ஆனால் புதிதாக வருகிறவருக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? அவரைப் பற்றித்தான் எதுவும் தெரியாதே. இதற்கு மார்க் கிளிக்மேன் என்கிற புள்ளியியலாளர் 1995இல் ஒரு வழி சொன்னார். எண்ணோடு சேர்த்து, அந்த எண்ணை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதையும் குறித்து வையுங்கள் என்றார். அவருடைய முறையில் புதியவருக்கு 1500 கொடுப்பார்கள். ஆனால் பிழை வரம்பு மிகப் பெரியது. ஏறத்தாழ 800 முதல் 2200 வரை அவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். ஆட ஆட வரம்பு சுருங்கும். அதனால் ஆரம்ப ஆட்டங்களில் எண் வேகமாக ஏறி இறங்கும், பிறகு நிதானிக்கும். ஃபிடேவும் தன் வழியில் இதைச் செய்கிறது. புதியவரின் முதல் 30 ஆட்டங்கள் வரை எண்ணை நகர்த்தும் கெழு 40, பிறகு 20, உச்சத்தில் உள்ளவர்களுக்கு 10.

லிசெஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கிப் பாருங்கள். உங்கள் பெயரை அடுத்து 1500 என்று இருக்கும், அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி இருக்கும். "இவரைப் பற்றி எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது" என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கேள்விக்குறியை முதன்முதலில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயருக்குப் பின்னால் என்ன வரும் என்பது நம் நாட்டில் எவ்வளவு பெரிய விஷயம்! பிறக்கும் முன்பே இவன் யார், இவனுக்கு எது வரும், எது வராது என்று முடிவு செய்து வைத்திருக்கும் சமூகம் இது. "உன்னைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது, ஆடு, பார்க்கிறேன்" என்று ஒரு கணினி நிரல் சொல்கிறது. நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

எண் வைத்தாலே நியாயம் வந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பட்டியலுக்குள் யாரை அனுமதிப்பது என்பதும் ஒரு அரசியல். ஃபிடேவின் பட்டியலில் தொடக்க காலத்தில் 2200க்குக் கீழே இருந்த ஆண்களுக்கு இடமே கிடையாது. அவர்கள் ஆடினார்கள், ஆனால் ஏட்டில் இல்லை. படிப்படியாக அந்த வாசல் தாழ்ந்து 2012இல் 1000 வரை வந்தது. பிறகு கீழ்த்தட்டில் எண்கள் அளவுக்கு மேல் சரிந்துவிட்டன என்று 2024 மார்ச்சில் ஃபிடே ஒரு திருத்தம் செய்தது. வாசல் 1400 ஆனது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே நாளில் எண் உயர்த்தப்பட்டது. 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். அளவுகோல் தவறு என்று தெரிந்தால் அளவுகோலைத் திருத்தலாம், ஆட்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது பெரிய நிறுவனங்களின் உலகத்துக்கு வருவோம். 2019இல் ஃபோர்ட்நைட்டும் 2020இல் கணினி வடிவ பப்ஜியும் பொம்மை வீரர்களைக் கொண்டுவந்தன. பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் இடையே இடைவெளி பெரிதாகிவிட்டது, புதியவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் சாகிறார்கள் என்பதுதான் காரணம். இரக்கத்தால் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். புதியவர் ஓடிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

கால் ஆஃப் டியூட்டி விளையாட்டில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. திறமை பார்த்துச் சேர்க்கும் முறையை எதிர்த்து அங்கே பல வருடங்களாகச் சத்தம். சத்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடுகிறவர்கள். "கஷ்டப்பட்டு மேலே வந்த எங்களுக்கு ஏன் எப்போதும் கடினமான எதிரி? கலந்து விடு" என்பது அவர்கள் வாதம். 2024இன் தொடக்கத்தில் நிறுவனம், வட அமெரிக்காவில் ஒரு பகுதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும் சொல்லாமல் திறமைக்குத் தரும் முக்கியத்துவத்தைத் தளர்த்திப் பார்த்தது. முடிவை அந்த ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. மேல்தட்டு 10 விழுக்காட்டினர் மட்டும் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தார்கள். மற்ற எல்லோரும் திரும்பி வருவது குறைந்தது, பாதியிலேயே ஆட்டத்தை விட்டுப் போவது கூடியது. கீழே இருப்பவர்கள் போய்விட்டால் நடுவில் இருப்பவர்கள் கடைசி ஆவார்கள், பிறகு அவர்களும் போவார்கள். இது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, அதை அந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் "கலந்து விடு, தகுதி உள்ளவன் ஜெயிக்கட்டும்" என்ற குரல் எங்கிருந்து வருகிறது, அது நிறைவேறினால் யார் காணாமல் போவார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. இந்தத் தகுதி, திறமைப் பாட்டை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம்.

நிறுவனங்களை நம்பி விட்டுவிடலாமா என்றால், கூடாது. 2017இல் இஏ நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நியாயமான ஆட்டம்தான் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் என்று சொல்ல முடியாது, அவர் விட்டுப் போகாமல் இருக்க எப்போது தோல்வியும் எப்போது வெற்றியும் தேவை என்று கணித்து அதன்படி எதிரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. புதியவரைக் கைதேர்ந்தவரோடு சேர்த்து, அவர் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்து இவர் ஆசைப்பட்டு வாங்கும்படி செய்யும் வழி அதில் இருந்தது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். தோல்வியை விற்கலாம் என்ற யோசனை காகிதத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

இன்னொரு சிக்கலுக்கு ஸ்மர்ஃப் என்று பெயர். 1990களின் நடுவில் வார்கிராஃப்ட் 2 ஆடிய கைதேர்ந்த இருவர், தங்கள் பெயரைப் பார்த்தாலே எதிரிகள் ஓடுகிறார்கள் என்று ஒரு கார்ட்டூனிலிருந்து பெயர் எடுத்துப் புதிய கணக்கு தொடங்கி ஆடினார்கள். அதிலிருந்து வந்த சொல். பழைய கை, புதிய கணக்கு. பட்டியலில் அவரும் புதியவர், நீங்களும் புதியவர். ஆட்டத்தில் உங்களைத் துவைத்து எடுப்பார். டோட்டா 2 விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட 90,000 கணக்குகளைத் தடை செய்ததாக அறிவித்தது. அதை எதிர்த்து யாரும் "திறமைக்கு இடமில்லையா" என்று ஊர்வலம் போகவில்லை.

இப்போது ஒரு நுழைவுத் தேர்வு அறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் புதிய பதிவு எண். ஒருவரின் தாத்தாவும் அப்பாவும் மருத்துவர்கள், இரண்டு வருடப் பயிற்சி மையம், வீட்டில் தனி அறை. மற்றவர் வீட்டில் முதல் முறையாக ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார். தேர்வுத் தாளைப் பொறுத்தவரை இருவரும் சமம். மூன்று தலைமுறை ஆட்டத்தை ஒளித்துவைத்துக்கொண்டு புதிய கணக்கில் வந்திருப்பவர் யார்? இதைப் புரிந்துகொண்டதால்தான் தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொண்டுவந்தது. நம் புதுச்சேரியில் 10 விழுக்காடு 2023இல் நடைமுறைக்கு வந்தது. வால்வ் செய்தால் அதற்கு நியாயமான ஆட்டம் என்று பெயர். அரசு செய்தால் சலுகை என்று பெயர்.

ஒப்பீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை, அவருக்கு அது பிறப்பிலேயே வாய்த்தது. விளையாட்டிலிருந்து நாம் வெளியேறிவிடலாம், சாதியிலிருந்து முடியாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். சமமான தொடக்க எண் கொடுத்துவிட்டால் சமமான ஆட்டம் ஆகிவிடாது என்பதைக் காசுக்காக விளையாட்டு நடத்துகிறவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு தோழர் இங்கே கேட்கலாம்: புதியவர்களுக்குத் தனி லாபி என்கிறீர்களே, தனியாக ஒதுக்குவதைத்தானே நாம் எதிர்க்கிறோம்? முக்கியமான கேள்வி. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தார்கள். மேற்கிலும் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. வைசியாள் வீதி என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனி இடம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது அதுதான்.

பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். தலித் சமூகத்திலிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் மைதான வேலைக்குச் சேர்ந்து, அங்கே கிரெய்க் என்ற அதிகாரிக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. அடுத்தவர் பழகுவதற்கு அவர் பயன்பட்டார். பிறகு இந்து அணிக்கு ஆடினார். இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர், இவருக்கு வெளியே மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் தலைவர் பதவி கடைசிவரை அவருக்கு வரவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. திறமை அளக்கப்பட்டது, பயன்படுத்தப்பட்டது, ஏணி மட்டும் பாதியில் நிறுத்தப்பட்டது.

ஆகவே ஒரு தனி லாபி நாற்றங்காலா சேரியா என்று பார்க்க மூன்று கேள்வி கேட்கலாம். அது உள்ளே இருப்பவரின் நன்மைக்காகவா, வெளியே இருப்பவரின் வசதிக்காகவா? உள்ளே தண்ணீரும் வெளிச்சமும் மற்ற இடங்களில் கிடைக்கிற அளவுக்குக் கிடைக்கிறதா? வளர்ந்த பின் கதவு தானாகத் திறக்கிறதா? நாற்றங்காலில் நாற்றை நெருக்கமாக வைப்பது, பிறகு பிடுங்கி வயலில் நடுவதற்காக. நடாமலே விட்டால் அது நாற்றங்கால் இல்லை.

இந்தக் கேள்விகளோடு என் அக்கா மகனின் போனுக்குத் திரும்புகிறேன். மலிவான போன், திரை தடுமாறும், நெட் திக்கும். எதிரே இருப்பவன் புதிய ஐபோனில் ஆடுகிறான். கருவி வித்தியாசம் ஆட்டத்தை மாற்றும் என்று இந்தத் தொழிலுக்குத் தெரியாதா? தெரியும். கணினியில் எமுலேட்டர் போட்டு ஆடுகிறவர்களை, போனில் ஆடுகிறவர்களிடமிருந்து பப்ஜி மொபைல் பிரித்து வைத்தது. ஆனால் போனுக்கும் போனுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. ஏழ்மை, திறமைக் குறைவாகப் பதிவாகிறது.

அப்புறம் அந்த மைக். நான்கு பேர் அணியில் அறிமுகமானதும் வரும் கேள்வி, "ப்ரோ, எந்த ஏரியா?" ஊர்ப் பெயர் சொன்னால் அடுத்த கேள்வி, "ஊரா, காலனியா?" சில குழுக்களின் பெயரிலேயே சாதி இருக்கிறது. நன்றாக ஆடும் குழுவில் சேர்ந்தால்தான் வேகமாக மேலே போக முடியும். யாரைச் சேர்ப்பது என்பது எந்தக் கணக்கிலும் வராத, தோளில் கை போடுகிற அதே விஷயம். தோற்றால் சாதியைச் சொல்லித் திட்டு. நான் பார்த்த விளையாட்டுகளில் புகார் செய்யும் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது, மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. இனி பயிற்சி, பரிசு, பதக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போகும். ஏணியின் முதல் படி எப்படி இருக்கிறது என்பதை இப்போதே பேசாவிட்டால், பத்து வருடம் கழித்து "உங்கள் ஆட்கள் யாரும் வரவில்லையே" என்பார்கள்.

என்ன கேட்கலாம்? புதியவரின் எண்ணுக்குப் பின்னால் அந்தக் கேள்விக்குறியைப் போடு. அவர் இருக்க வேண்டிய இடத்துக்கு விரைவாகக் கொண்டுபோய்ச் சேர். பொம்மையோடு ஆட வைத்தால் பொம்மை என்று சொல், பொய்யான வெற்றி பின்னால் பொய்யான தோல்வியாகத் திரும்புகிறது. யாரை யாரோடு சேர்க்கிறாய் என்ற விதியை வெளியிடு. காசு செலவழித்தாரா இல்லையா என்பதை அந்த விதிக்குள் கொண்டுவராதே. புகார்ப் பட்டியலில் சாதியைச் சேர். சரியான எதிரியைத் தேடினால் காத்திருக்கும் நேரம் கூடும் என்பார்கள். உண்மைதான், ஆள் குறைவான நேரத்தில் கூடும். அதை எங்களிடமே கேள். இரண்டு நிமிடத்தில் சாவதற்கு ஐந்து நிமிடம் காத்திருப்பது மேல் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அக்கா மகனுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. லிசெஸில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். 1500, கேள்விக்குறி. முதல் பத்து ஆட்டத்தில் எட்டுத் தோல்வி. எண் விழுந்தது. முகம் சுண்டிப் போய், "பாத்தியா மாமா" என்றான். கேள்விக்குறியைக் காட்டினேன். "அது இன்னும் உன்னைத் தேடிக்கிட்டு இருக்குடா, கண்டுபிடிக்கட்டும்" என்றேன். 1100 பக்கத்தில் போய் நின்றது, கேள்விக்குறியும் மறைந்தது. அங்கே அவனைப் போலவே தடுமாறுகிற ஆட்கள். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான். "மாமா, பாதி ஜெயிக்கிறேன், பாதி தோக்கிறேன். அப்போ நான் சராசரியா?"

"இப்போதைக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ராணியை எடுத்துட்டு மாட்டிக்கிட்ட ஆட்டத்தை உனக்கு அனுப்பறேன், எங்க தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லு" என்றான். "எனக்கு வராது" என்று சொன்ன பையன் "எங்க தப்பு பண்ணேன்" என்று கேட்கிறான். ஒரு நியாயமான ஆட்டத்திடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.